காக்கை கொத்திய ஒலியும் கருந்துளை மோதிய ஒலியும்: லைகோ வரலாறு

2017ஆம் ஆண்டுக் கோடை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஹான்ஃபோர்டு என்னும் பொட்டல்வெளி. அங்கே நிற்கும் லைகோ என்னும் ஈர்ப்பலை ஆய்வு நிலையத்தின் பதிவுகளில் காரணம் தெரியாத சிறு துடிப்புகள் விழுந்துகொண்டிருந்தன. எங்கிருந்து வருகின்றன என்று தேடியவர்கள், நிலையத்தின் ஒரு கோடியில் இருந்த ஒலிவாங்கியின் பதிவைப் போட்டுக் கேட்டார்கள். டொக், டொக் என்று எதையோ கொத்தும் சத்தம். போய்ப் பார்த்தால் திரவ நைட்ரஜன் குழாயில் உறைபனி படிந்திருந்தது. பனியில் அலகு பதிந்த தடங்கள். வெயிலில் தாகமெடுத்த அண்டங்காக்கைகள் பனியைக் கொத்தியிருக்கின்றன. ஆய்வாளர்கள் அதோடு விடவில்லை. தாங்களே அந்தப் பனியைத் தட்டி, அதே துடிப்பு பதிவில் விழுகிறதா என்று பார்த்தார்கள். விழுந்தது. பிறகு குழாயில் பனி படியாதபடி ஏற்பாடு செய்தார்கள்.

முதல் ஈர்ப்பலை பதிவாகிப் பத்தாண்டு நிறைவதை ஒட்டி வரும் இம்மலருக்காக லைகோவின் வரலாற்றை எழுத உட்கார்ந்தபோது, நோபல் பரிசுக்கு முன்னால் எனக்கு நினைவுக்கு வந்தவை இந்தக் காக்கைகள்தாம். 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு கருந்துளைகள் மோதினாலும், சுவரோரம் ஒரு காக்கை கொத்தினாலும் இந்தக் கருவியில் அசைவது அதே கண்ணாடிதான். எது எதனால் அசைந்தது என்று பிரித்தறிவதில்தான் இந்த நிறுவனத்தின் முழு உழைப்பும் போயிருக்கிறது.

ஈர்ப்பலை என்ற எண்ணமே ஐயத்தில் வளர்ந்த பிள்ளை. 1915இல் பொதுச் சார்பியலை எழுதி முடித்த ஐன்ஸ்டைன், அடுத்த ஆண்டே கால-வெளியில் அலைகள் எழும் என்று எழுதினார். 1936இல் நேதன் ரோசனுடன் சேர்ந்து, அப்படிப்பட்ட அலைகள் இருக்க முடியாது என்று ஒரு கட்டுரை அனுப்பினார். அதைப் பரிசீலித்த எச். பி. ராபர்ட்சன் தவறைச் சுட்டிக்காட்ட, முடிவு மாற்றி எழுதப்பட்டது. 1957இல் வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில் கூடிய மாநாட்டில்தான் இந்த அலைகள் உண்மையிலேயே ஆற்றலைச் சுமந்து செல்கின்றன என்பது தெளிவாயிற்று. ஃபெய்ன்மன் அங்கே சொன்ன விளக்கம் யாருக்கும் புரியும். கம்பியில் இறுக்கமாகக் கோத்த மணிகள், அலை கடக்கும்போது முன்னும் பின்னும் உரசும். உரசினால் சூடு பிறக்கும். சூட்டை அலைதானே கொடுத்திருக்க வேண்டும்?

வகுப்பில் நான் ஒரு ரப்பர் வளையலைக் கையில் எடுத்துக்கொள்வது வழக்கம். பக்கவாட்டில் அழுத்தினால் மேலும் கீழும் நீளும். மேலும் கீழும் அழுத்தினால் பக்கவாட்டில் அகலும். ஈர்ப்பலை கடக்கும்போது வெளிக்கு நேர்வதும் அதுதான். ஒரு திசை நீளும்போது செங்குத்தான மறுதிசை சுருங்கும், மறுகணம் மாறும். வளையலில் கண்ணால் காணலாம். முதல் அலை வந்தபோது 4 கிலோமீட்டர் நீளத்தில் ஏற்பட்ட மாற்றமோ, ஒரு புரோட்டானின் குறுக்களவில் சுமார் நானூறில் ஒரு பங்கு.

இதை அளக்க முடியும் என்று முதலில் துணிந்தவர் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் ஜோசப் வெபர். பெரிய அலுமினிய உருளைகளைத் தொங்கவிட்டு, அலை வந்தால் அவை அதிரும் என்று காத்திருந்தார். 1969இல் அலையைக் கண்டுவிட்டதாக அறிவித்தார். வேறு பல இடங்களிலும் உருளைகள் செய்து பார்த்தார்கள். எவருக்கும் அது கிடைக்கவில்லை. 2000இல் இறக்கும்வரை வெபர் தம் முடிவை விட்டுக்கொடுக்கவில்லை. அவரைத் தோற்றவர் என்று எழுதி முடித்துவிடுபவர்கள் உண்டு; எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் கதவைத் தட்டியிராவிட்டால் பின்னால் வந்தவர்களுக்கு அங்கே கதவு இருப்பதே தெரிந்திராது. அவருடைய உருளை ஒன்று ஹான்ஃபோர்டு நிலையத்தில் காட்சிக்கு இருக்கிறது. அவர் பட்ட பாடு லைகோவுக்கு ஒரு பாடமாகவும் அமைந்தது: தன் காதில் விழுந்ததைத் தானே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அந்தப் பாடத்தைப் படிக்கப் பிறந்தவர் போல வந்தவர் ரெய்னர் வைஸ். 1932இல் பெர்லினில் பிறந்தவர். குடும்பம் நாஜிகளிடமிருந்து தப்பி, கடைசியில் நியூயார்க் வந்து சேர்ந்தது. வானொலிப் பெட்டியும் ஒலிபெருக்கியும் கட்டுவதில் பையனுக்கு அப்படியொரு மோகம். அந்நாள் இசைத்தட்டில் பாட்டு மெலிதாக இழையும் இடத்தில் ஊசியின் சீறல் எழும்பிக் கெடுக்கும். அந்தச் சீறலை ஒழிக்கும் வழி தேடித்தான் எம்.ஐ.டி.யில் படிக்கப் போனார். பின்னாளில் அங்கேயே ஆசிரியராகிப் பொதுச் சார்பியல் பாடம் எடுத்தபோது, வெபரின் உருளையை மாணவர்களுக்கு விளக்க முயன்று தமக்கே நிறைவு வராமல், வேறு வழியொன்றை யோசித்தார். தனித்தனியாகத் தொங்கும் பொருள்களுக்கிடையே ஒளியை அனுப்பி, அது போய்வரும் நேரத்தை அளந்தால் என்ன? சோவியத் நாட்டின் கெர்ட்சென்ஷ்டைனும் புஸ்தவாய்ட்டும் 1962இலேயே இவ்வழியைச் சொல்லியிருந்தார்கள். வைஸ் செய்தது அதைத் தாண்டியது. 1972இல் எம்.ஐ.டி.யின் ஆய்வகக் காலாண்டு அறிக்கையில் அவர் எழுதியதில், அளவையைக் கெடுக்கக்கூடிய இரைச்சல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்கிட்டார். லேசரின் தடுமாற்றம், கண்ணாடியின் வெப்ப நடுக்கம், நில அதிர்வு, குழாயில் மிஞ்சும் காற்று, ஒளியே கண்ணாடியை முட்டித் தள்ளுவது என்று எதையும் விடவில்லை. எந்த ஆய்விதழிலும் அது வெளிவரவில்லை. ஆனால் லைகோவுக்கு அடிக்கல் எது என்று கேட்டால் நான் அந்தப் பக்கங்களைத்தான் காட்டுவேன்.

1975இல் வாஷிங்டன் நகரில் ஒரு கூட்டம். விடுதியில் இடம் கிடைக்காமல் வைஸும், கால்டெக்கிலிருந்து வந்த கிப் தார்னும் ஒரே அறையில் தங்கினார்கள். இரவு முழுக்கப் பேச்சு. கால்டெக் இந்தச் சோதனையில் இறங்க வேண்டும் என்ற முடிவோடு தார்ன் ஊர் திரும்பினார். செய்துகாட்ட ஆள் வேண்டுமே! ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து ரொனால்டு ட்ரெவரை அழைத்துவந்தார்கள். ட்ரெவர் கையால் யோசிப்பவர். கிடைத்த பாகங்களைச் சேர்த்துத் தாமே கட்டிய தொலைக்காட்சியில் 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டைக் குடும்பத்தாருக்குக் காட்டியவர். லேசரை ஒரே அலைநீளத்தில் கட்டிப்போடும் உத்தியில் இன்றும் அவர் பெயர் வழங்குகிறது.

மூவர் சேர்ந்து நடத்திய நிருவாகம் நன்றாக நடக்கவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. வைஸுக்கும் ட்ரெவருக்கும் வழிமுறையில் ஒத்துவரவில்லை. 1987இல் ராபி ஃபோக்ட் இயக்குநராக வந்து ஒழுங்கு செய்தார். 1990இல் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஒப்புதல் கிடைத்தது. இவ்வளவு பணம் இதற்கு எதற்கு என்று வானியலாளர்கள் பலர் எதிர்த்தார்கள். அறக்கட்டளைக்குள் ரிச்சர்டு ஐசக்சன் விடாமல் வாதாடினார். ஈர்ப்பலை சுமக்கும் ஆற்றலைப் பற்றி இளமையில் தாமே ஆராய்ந்தவர் அவர். 1992இல் மனக்கசப்பு முற்றி, ட்ரெவர் திட்டத்திலிருந்து விலக்கப்பட்டார். எந்த நிறுவன வரலாற்றிலும் இப்படி ஒரு பக்கம் இருக்கும். அதைக் கிழித்துவிட்டு மலர் போடுவது நியாயமில்லை.

1994இல் பொறுப்பேற்ற பேரி பாரிஷ்தான் நிறுவனத்தை நிறுவனமாக்கினார். பெரிய துகள் இயற்பியல் சோதனைகளில் பழகியவர் என்பதால், நூற்றுக்கணக்கானோரை ஒரே வேலையில் இணைக்கும் கலை அவருக்குத் தெரிந்திருந்தது. 1997இல் அவர் தொடங்கிய லைகோ அறிவியல் கூட்டுக்குழு எந்த நாட்டு ஆய்வாளருக்கும் கதவைத் திறந்தது. நம்மவர்கள் பின்னாளில் நுழைந்ததும் அந்த வழியில்தான்.

நிலையங்கள் இரண்டு. ஒன்று ஹான்ஃபோர்டில், இரண்டாம் உலகப்போரில் அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் தயாரித்த நிலத்தில். மற்றது 3,000 கிலோமீட்டர் தள்ளி, லூசியானா மாநிலத்து லிவிங்ஸ்டனில், பைன் மரக்காட்டுக்குள். ஒவ்வொன்றும் ‘ட’ எழுத்தைப் போல் செங்கோணத்தில் பிரியும் இரண்டு கைகள். ஒவ்வொரு கையும் 4 கிலோமீட்டர். இந்த நீளத்தில் பூமியின் வளைவே ஒரு மீட்டருக்குமேல் கீழிறங்கிவிடும். அதைச் சரிக்கட்டி அடித்தளம் போட்டார்கள். 1.2 மீட்டர் அகலமுள்ள எஃகுக் குழாய்களை ஒரு மாதம் சூடேற்றி, 40 நாள் காற்றை உறிஞ்சியெடுத்தார்கள். லேசர் ஒளி மூலையில் இரண்டாகப் பிரிந்து, இரு கைகளிலும் ஓடி, கோடியில் தொங்கும் கண்ணாடிகளில் பட்டு 300 தடவைபோல் போய்வந்து மீண்டும் சேர்கிறது. கைகளின் நீளம் மாறாதிருந்தால் இரு கதிர்களும் ஒன்றையொன்று அழித்து இருளாகும். நீளம் சற்றே மாறினால் இருளில் ஒளி கசியும். அந்தக் கசிவுதான் பதிவு.

கண்ணாடி என்று சொன்னேன். ஒவ்வொன்றும் 40 கிலோ எடையுள்ள தூய சிலிக்கா வட்டு. 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி இழைகளில் தொங்குகிறது, அதுவும் நான்கு அடுக்கு ஊசலின் கடைசி அடுக்கில். ஊஞ்சலின் மேற்கயிற்றை வேகவேகமாக ஆட்டினால் பலகை அவ்வளவாக அசையாது அல்லவா? அதே தத்துவம், நான்கு முறை. இந்த நான்கடுக்கு ஊசல் வருமுன், லிவிங்ஸ்டனில் முதல் சில ஆண்டுகள் பகலில் கருவியை ஓட்டுவதே பெரும்பாடாக இருந்தது. சுற்றிலும் காட்டில் மரம் வெட்டிச் சாய்த்தார்கள். பக்கத்தில் ரயில் போனது. நில அதிர்வை எதிர்த்துத் தள்ளும் தாங்கிகளைப் பொருத்திய பிறகே பகலும் வேலைக்கு உதவியது.

2002 முதல் 2010 வரை கேட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. எட்டாண்டு வெறுங்கையோடு இருந்தும் அவர்கள் எதையும் கண்டதாகச் சொல்லிக்கொள்ளவில்லை என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். தங்களையே சோதித்துக்கொள்ளவும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒருசிலர் மட்டும் அறிய, கண்ணாடியைப் பொய்யாக அசைத்து ஓர் அலையை உள்ளே நுழைப்பார்கள். மற்றவர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்ப்பார்கள். 2010 செப்டம்பரில் அப்படி ஒன்று பெருநாய் விண்மீன் கூட்டத் திசையிலிருந்து வந்ததாகத் தெரிந்தது. ஆறு மாதம் ஆராய்ந்து, வெளியிடுவதற்குக் கட்டுரையும் எழுதி முடித்தார்கள். 2011 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் ஆர்கேடியாவில் எல்லோரும் கூடியிருக்க, உண்மையை எழுதி மூடிவைத்த உறை பிரிக்கப்பட்டது. பொய் அலை. ஆறு மாத உழைப்பு ஒரு ஒத்திகை என்று தெரிந்த நிமிடம் அந்த அறையில் இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் மெய்யலை வந்தபோது தடுமாறாமல் நின்றது அந்த ஒத்திகையால்தான்.

அடுத்த ஐந்தாண்டு கருவியைப் புதுப்பித்தார்கள். 2015 செப்டம்பர் 14 திங்கட்கிழமை விடியற்காலை, லிவிங்ஸ்டனில் ராபர்ட் ஸ்கோஃபீல்டும் அனமரியா எஃப்ளரும் இரவெல்லாம் வேண்டுமென்றே சத்தமும் அதிர்வும் உண்டாக்கி, கருவி எதற்கு எப்படி மிரள்கிறது என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். களைத்துப்போய் 4 மணி அளவில் நிறுத்தினார்கள். 4.50க்கு அலை வந்தது. நம் நேரப்படி பிற்பகல் 3.20. லிவிங்ஸ்டனைக் கடந்து 7 மில்லிவினாடியில் ஹான்ஃபோர்டைத் தொட்டது. 0.2 வினாடியில் எல்லாம் முடிந்தது. முதலில் பார்த்தவர் ஜெர்மனியின் ஹனோவரில் கணினி முன் இருந்த மார்க்கோ டிராகோ. இவ்வளவு தெளிவாக இருப்பதைக் கண்ட அவர் எண்ணியது, இது யாரோ நுழைத்த பொய் அலை என்றுதான். அன்று யாரும் நுழைக்கவில்லை. முறையான பதிவே இன்னும் தொடங்கியிருக்கவில்லை.

உடனே இரு நிலையங்களிலும் எதையும் மாற்றக் கூடாது என்று கட்டளை போயிற்று. வெளியாள் எவரேனும் புகுந்து ஏமாற்றியிருக்க முடியுமா என்றுகூடத் துருவினார்கள். தற்செயல் இரைச்சல் இப்படி இரண்டு இடத்திலும் ஒத்து விழ 2 லட்சம் ஆண்டில் ஒரு தடவைக்கும் குறைவாகவே வாய்ப்புண்டு என்று கணக்கு வந்த பிறகுதான், 2016 பிப்ரவரி 11 அன்று வாஷிங்டன் நகரில் லைகோவின் அப்போதைய செயல் இயக்குநர் டேவிட் ரைட்சி அறிவித்தார். நம்மூரில் அப்போது இரவு 9 மணி. மாணவர்கள் ஏழெட்டுப் பேரும் நானும் எங்கள் வீட்டுக் கூடத்தில் மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அலையை ஒலியாக்கிப் போட்டுக் காட்டினார்கள்: அடிக்குரலில் உறுமி, சட்டென்று மேலேறி நின்றுபோகும் ஒரு கீச்சு. கூடத்தில் யாரும் பேசவில்லை. ‘இன்னொரு தடவை போடுங்க சார்’ என்றாள் ஒரு பெண். நேரலையில் எப்படிப் போடுவது?

அந்தக் கீச்சில் இருந்தது இவ்வளவு: சூரியனைப் போல் 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரு கருந்துளைகள் ஒன்றாகி 62 மடங்கு ஆயின. மீதி 3 சூரிய நிறை அலையாகவே கரைந்து போயிற்று. கருந்துளைகள் இணையாகச் சுற்றி ஒன்றையொன்று விழுங்கும் என்பது அதுவரை கணக்கு மட்டுமே. விண்மீன் இறந்து பிறக்கும் கருந்துளை இத்தனை கனமாக இருக்கும் என்பதும் பலர் எதிர்பாராதது. 2017இல் வைஸ், பாரிஷ், தார்ன் மூவருக்கும் நோபல் பரிசு. ட்ரெவர் அவ்வாண்டு மார்ச்சிலேயே மறைந்துவிட்டார்.

அந்த ஆண்டின் மிகப் பெரிய பரிசு ஆகஸ்ட் 17 அன்று வந்தது என்பேன். இத்தாலியில் பீசா நகருக்கருகே உள்ள விர்கோ நிலையமும் அம்மாதம்தான் சேர்ந்து கேட்கத் தொடங்கியிருந்தது. அன்றைக்கு வந்த அலை நூறு வினாடி அளவுக்கு நீண்டது. ஆனால் மோதலுக்கு ஒரு வினாடி முன்னால் லிவிங்ஸ்டன் பதிவில் ஓர் இரைச்சல் வெடித்து அலையின்மேல் விழுந்தது. கணினி அந்தப் பதிவைத் தள்ளிவிட்டது. மனிதக் கண்தான் அடியில் ஓடிய கோட்டைக் கண்டு மீட்டது. மோதியவை நியூட்ரான் விண்மீன்கள். 1.7 வினாடி கழித்து ஃபெர்மி விண்கலம் காமாக் கதிர் வெடிப்பு ஒன்றைப் பதிந்தது. அன்றிரவே சிலியிலிருந்து, 13 கோடி ஒளியாண்டு தள்ளியுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தில் புதிய ஒளிப்புள்ளியைக் கண்டார்கள். 13 கோடி ஆண்டு ஓடிவந்து இரண்டு வினாடிக்குள் முன்பின்னாகச் சேர்ந்ததால், ஈர்ப்பலையும் ஒளியும் ஒரே வேகம் என்பது உறுதியானது. அந்த ஒளி மங்கிச் சிவந்த விதத்திலிருந்து, கனமான தனிமங்கள் அங்கே பிறந்துகொண்டிருந்தது தெரிந்தது. நம் வீட்டுத் தாலித் தங்கத்திலும் ஒரு பங்கு, பூமி உருவாகும் முன்பே எங்கோ இப்படி ஒரு மோதலில் பிறந்திருக்கலாம். அலையின் வலிமை தொலைவைச் சொல்வதால், பேரண்டம் விரியும் வேகத்தை அளக்கவும் புதுவழி திறந்தது.

இதுவரை 200க்கும் மேற்பட்ட மோதல்கள் பட்டியலில் ஏறிவிட்டன. அவற்றில் நான் நெஞ்சோடு வைத்திருப்பது 2025 ஜனவரி 14 அன்று வந்தது. முதல் அலை போன்றதே, ஆனால் பத்தாண்டுச் சீர்திருத்தத்தால் பல மடங்கு தெளிவு. மோதுவதற்கு முன் இரு கருந்துளைகளின் மேற்பரப்பும் சேர்ந்து சுமார் 2,40,000 சதுர கிலோமீட்டர். மோதிய பின் 4,00,000. தமிழ்நாட்டைப் போல் இருமடங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்தது மூன்று மடங்கானது. கருந்துளைப் பரப்பு ஒருநாளும் குறையாது என்று 1971இல் ஹாக்கிங் சொன்ன தேற்றம் இதில் தேறியது.

கோயில் மணியை அடித்தால் ஓங்கி ஒலித்து, ரீங்காரமாய்த் தேய்ந்து ஓயும். கருந்துளையும் தட்டினால் அப்படித்தான் ஓயும் என்று 1970இல் கணக்கிட்டுக் காட்டியவர் சி. வி. விஸ்வேஸ்வரா, பின்னாளில் பெங்களூரு நேரு கோளரங்கத்தை உருவாக்கிய அதே விஸ்வேஸ்வரா. அந்த ரீங்காரத்தின் சுருதிகளை 1975இல் டெட்வைலருடன் சேர்ந்து கணித்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 2025இன் அலையில் அந்தச் சுருதியை ஒன்றுக்குமேல் பிரித்துக் கேட்க முடிந்தது. விஸ்வேஸ்வராவும் சந்திரசேகரும் அதைக் கேட்க இல்லை. புனேயில் சஞ்சீவ் துரந்தரும் சத்தியப்பிரகாஷும் 1991இலேயே இரைச்சலுக்குள் புதைந்த அலையைச் சலித்தெடுக்கும் வழியை வகுத்தார்கள். பாலா ஐயர் அலையின் வடிவத்தைக் கணக்கிட்டவர்களில் ஒருவர். 2016இன் கண்டுபிடிப்புக் கட்டுரையில் கையொப்பமிட்ட ஆயிரத்துச் சொச்சம் பேரில், சிறுசேரியின் சென்னை கணிதவியல் கழகத்தவரும் உண்டு.

ரெய்னர் வைஸ் 2025 ஆகஸ்ட் 25 அன்று, தம் 92ஆம் வயதில் காலமானார். பத்தாண்டு நிறைவுக்கு இருபது நாள் இருந்தது.

இரண்டு காதுகளால் திசையை ஓரளவே ஊகிக்கலாம். முதல் அலை வானத்தில் எங்கிருந்து வந்தது என்று 600 சதுரப் பாகைக்குள்தான் சொல்ல முடிந்தது. விர்கோ சேர்ந்ததும் நியூட்ரான் விண்மீன் மோதலை 30க்குள் குறுக்கினார்கள். பூமியின் இன்னொரு பக்கத்தில் ஒரு காது வேண்டும். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் ஔந்தா நாகநாத் அருகே அமையும் லைகோ-இந்தியாவுக்கு 2016இல் கொள்கை ஒப்புதலும், 2023 ஏப்ரலில் 2,600 கோடி ரூபாய்க்கு முழு ஒப்புதலும் கிடைத்தன. அங்கே தொங்கவேண்டிய கருவி முதலில் ஹான்ஃபோர்டிலேயே இரண்டாவதாக நிறுத்தச் செய்யப்பட்டது. அதன் பாகங்கள் பெட்டிகளில் காத்திருக்கின்றன.